ஏரிக்கடியில் கிடந்த ஊரை வைத்துப் பையம்பள்ளியைப் படிப்பது எப்படி

பையம்பள்ளி எங்கே என்று திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டால் எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று உடனே சொல்வார்கள், அங்கே தோண்டியபோது என்ன கிடைத்தது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். இந்தியத் தொல்லியல் துறைக்காக எஸ்.ஆர். ராவ் 1964-65இலும் மறுபடி 1967-68இலும் அங்கே அகழாய்வு செய்தார். புதிய கற்காலத்து ஆட்கள் குடியிருந்த குழி வீடுகள், சக்கரம் இல்லாமல் கையால் வனைந்த சாம்பல் நிறப் பானைகள், தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடரிகள், அரைகல், அப்புறம் கருகிப்போன கொள்ளு, பச்சைப்பயறு. அப்போது அது வடஆர்க்காடு மாவட்டம், பிறகு வேலூர், 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததிலிருந்து திருப்பத்தூர். வேலூருக்குப் பக்கத்தில் அப்புக்கல்லில் சென்னைப் பல்கலைக்கழகம் 1970களில் தோண்டியதிலும் இதே காலத்துத் தடயங்கள் வந்தன.

அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். கல், சுட்ட மண், கரி. கோடரி இருக்கிறது, பிடியைக் காணோம். பயறு இருக்கிறது, அதை எதில் அள்ளி எதில் கட்டி வைத்தார்கள் என்பதற்குக் கூடையோ கயிறோ இல்லை. குழி வீட்டைச் சுற்றிக் கால் நட்ட குழிகள் தெரிகின்றன, நட்ட கால் மக்கிப் போய்விட்டது. நம்ம பக்கத்து முதல் விவசாயிகளைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் இருக்கிற மூன்று பொருளை வைத்தே கதையை முடித்துவிடுகிறார்கள், அதனால்தான் அந்த ஆட்கள் ஏதோ கல்லை மட்டுமே கட்டிக்கொண்டு அழுதவர்கள் போலத் தெரிகிறார்கள். இல்லாத பாதியைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: தண்ணீருக்கடியில் அப்படியே கிடந்து கிடைத்த வேற்று நாட்டுப் புதிய கற்கால ஊர்களைப் படிப்பது. எப்படிப் படிப்பது, எதை நம்புவது, வீட்டில் என்ன செய்து பார்ப்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன். பள்ளியில் தொன்மை மன்றம் நடத்துகிற ஆசிரியர்களுக்கும், ஏரியில் வண்டல் எடுக்கும்போது எட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கும் பயன்படும்.

முதலில் மரம் எங்கே மக்குகிறது என்று பாருங்கள்

இதற்குப் புத்தகம் வேண்டாம். பழைய மாட்டுக் கொட்டகையைப் பிரிக்கும்போது பிடுங்கிப் போட்ட கால் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மேலே காற்றில் நின்ற பாகம் வெடித்திருக்கும், ஆனால் உறுதியாக இருக்கும். தரைமட்டத்தில் ஒரு சாண் உயரத்துக்கு மரம் பஞ்சாகிப் போயிருக்கும், விரலால் குத்தினால் உள்ளே போகும். அதற்குக் கீழே ஆழத்தில் புதைந்திருந்த நுனி பெரும்பாலும் இதைவிடத் தேவலாம் என்றுதான் இருக்கும். மரத்தைத் தின்கிற பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் தரைமட்டம். எப்போதும் தண்ணீரிலேயே, அதுவும் சேற்றுக்குள் புதைந்து கிடந்தால் காற்று போகாது, பூஞ்சையும் கரையானும் அண்டாது. கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை போடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு, தூர்வாரும்போது அதை எடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்: கருத்திருக்கும், ஆனால் கட்டை கட்டையாகவே இருக்கும்.

இதிலேயே நம்ம ஊர் ஏரிகளைப் பற்றிய ஒரு பதிலும் இருக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரியோ சதுப்பேரியோ, அதன் அடியில் கற்கால மர வீடு கிடைக்குமா என்று சிலர் ஆசையாகக் கேட்பார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நம்ம ஏரி மழைக்கு நிரம்பி, கோடையில் வெடித்து, மறுபடி நிரம்புகிற ஏரி. மனிதர் கட்டிய கரை, மனிதர் வைத்த மதகு. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தால் மேலே சொன்ன கொட்டகைக் காலின் தரைமட்டக் கதைதான் ஏரி முழுக்க நடக்கும். ஆயிரக்கணக்கான வருடம் ஒரு நாள்கூட உலராமல் இருந்த இடம் வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் உலகத்தில் வேறு இடங்களில் இருக்கின்றன, அங்கே போவோம்.

எந்த ஊர்களை எடுத்துக்கொள்வது

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், படித்தால் குழம்பும். ஆல்ப்ஸ் மலையைச் சுற்றி ஆறு நாடுகளில் ஏரிக்கரைக் குடியிருப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அதில் 111 இடங்களை 2011இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. கதை தொடங்கியது 1853-54 குளிர்காலத்தில்: சூரிக் ஏரியில் தண்ணீர் வழக்கத்தைவிட இறங்கியபோது ஓபர்மைலன் என்ற இடத்தில் சேற்றிலிருந்து வரிசை வரிசையாகக் கட்டைகள் தலைகாட்டின, ஃபெர்டினாண்ட் கெல்லர் என்பவர் இது ஒரு பழைய ஊர் என்று எழுதினார். தண்ணீருக்கு மேல் மேடை போட்டுக் கட்டிய ஊர் என்று அவர் நினைத்தார். பிறகு வந்தவர்கள் பல ஊர்கள் கரையின் ஈர மண்ணில்தான் நின்றன, தண்ணீர் பின்னால் ஏறியது என்று காட்டினார்கள். இதை மனதில் வையுங்கள். இன்று தண்ணீருக்குள் இருக்கிற ஊர் அன்றைக்கும் தண்ணீருக்குள் இருந்தது என்று அர்த்தமில்லை.

ஸ்பெயினில் பான்யோலஸ் ஏரிக்கரையில் லா த்ராகா, கி.மு. 5300 வாக்கில் தொடங்கிய ஊர், 1990இல் கண்டுபிடித்தது. கருவிகளின் மரப் பாகம் வேண்டுமென்றால் இதுதான். இத்தாலியில் ப்ராச்சானோ ஏரிக்குள் லா மர்மோத்தா, அங்கே ஒரே மரத்தில் குடைந்த படகுகள் ஐந்து கிடைத்தன, ஒன்று பத்து மீட்டருக்கு மேல் நீளம். இஸ்ரேல் கடற்கரைக்கு அப்பால் 8 முதல் 12 மீட்டர் ஆழத்தில் அத்லித் யாம், சுமார் 9000 வருடத்துக்கு முந்தியது. அங்கே கல் கட்டிய கிணறு ஒன்று இருக்கிறது, ஐந்தரை மீட்டர் ஆழம். கடல் ஏற ஏறக் கிணற்றுத் தண்ணீர் உப்பானதும் அந்தக் கிணற்றையே குப்பைக்குழியாக ஆக்கிவிட்டார்கள். கிணறு உப்பாகிப் போவது எப்படி இருக்கும் என்று வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கழிவுக்குத் தண்ணீரைப் பறிகொடுத்த கிராமத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, காரணம் வேறாக இருந்தாலும்.

சீனாவில் ஹெமுடு, அதன் பக்கத்திலேயே தியான்லுவோஷான். ஏழாயிரம் வருடத்துக்கு முந்திய, நெல் விளைந்த ஊர்கள் இவை, நாம் கழனிக்காரர்கள் என்பதால் இங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

நெல்லின் அடியைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

காட்டு நெல் பழுத்ததும் தானாக உதிர்ந்துவிடும். அதற்கு அது நல்லது, விதை மண்ணில் விழுந்தால்தான் அடுத்த வருடம் முளைக்கும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு: அறுக்கும் வரை கதிரிலேயே இருக்க வேண்டும், களத்தில் அடித்தால்தான் உதிர வேண்டும். அந்த மாற்றம் ஒவ்வொரு நெல்மணியின் அடியிலும் ஒரு தழும்பாகப் பதிந்திருக்கிறது.

பத்து மடங்கு பெரிதாக்குகிற கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள், நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே அது. களத்து நெல்லில் ஒரு கைப்பிடி எடுத்து, உமியின் அடிப்பக்கத்தில் இரண்டு சின்னச் செதில் இருக்கும், அதற்கும் கீழே, காம்பிலிருந்து பிரிந்த இடத்தைப் பாருங்கள். பிய்த்து எடுத்தது போல ஒழுங்கில்லாமல், கொஞ்சம் பள்ளமாகத் தெரிந்தால் அது இழுத்துப் பிரிந்த நெல், மனிதரோடு வாழப் பழகிய நெல். வழவழப்பாக, வட்டமாக, தழும்பு சுத்தமாக இருந்தால் தானாக உதிர்கிற வகை. வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் விதைக்காமலே வந்து, கை பட்டதும் கொட்டிவிடுகிற காட்டு நெல் கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பத்து மணி பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். ஒன்றிரண்டு பச்சையாகப் பறிபட்ட காட்டு நெல்லும் பிய்ந்த தழும்போடு இருக்கும். நூறு பார்த்துக் கணக்கெடுத்தால்தான் பேச்சு.

தியான்லுவோஷானில் சேற்றுக்குள் இருந்த இந்தச் சின்ன அடிப்பாகங்களை ஆய்வாளர்கள் அப்படித்தான் ஆயிரக்கணக்கில் எண்ணினார்கள். சுமார் 6900 வருடத்துக்கு முன்பு உதிராத வகை 27 சதவீதம். முந்நூறு வருடம் கழித்து, அதே ஊரில், 39 சதவீதம். அதே காலத்தில் ஊரார் கொண்டுவந்து குவித்த செடி மிச்சங்களில் நெல்லின் பங்கு 8 சதவீதத்திலிருந்து 24 சதவீதமானது. மிச்சம் என்ன? ஓக் மரக் கொட்டை, நீரில் விளைகிற கொட்டைகள், காட்டில் பொறுக்கியவை. இந்த எண்களை மெதுவாகப் படியுங்கள். முந்நூறு வருடம் என்றால் பத்துப் பன்னிரண்டு தலைமுறை, அத்தனை பேரும் நட்டு அறுத்துத் தின்றும் நெல் பாதிகூட மாறவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து யாரோ விவசாயத்தைக் கண்டுபிடித்தார் என்று பாடப்புத்தகம் சொல்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. பாதி காடு, பாதி கழனி என்று பல தலைமுறை ஓட்டியிருக்கிறார்கள். காய்ந்த மேட்டில் கருகிய நாலு நெல்மணி மட்டும் கிடைத்திருந்தால் 'நெல் பயிரிட்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்திருப்போம்.

பையம்பள்ளிக் கொள்ளையும் இப்படி யோசித்துப் பாருங்கள். கொள்ளு, பச்சைப்பயறு இரண்டின் காட்டு இனங்களும் இந்தியாவிலேயே இருப்பவை, இரண்டும் நெற்று வெடித்துச் சிதறும் சாதி. கொல்லையில் கொள்ளு பிடுங்கப் போனவர்கள் ஏன் பொழுது ஏறுவதற்குள் போகிறார்கள்? பனி ஈரம் இருக்கும்போது நெற்று வெடிக்காது, வெயில் ஏறினால் கை வைத்ததும் தெறிக்கும். காட்டுக் குணம் இன்னும் முழுதாக விட்டபாடில்லை.

புழுக்கையும் தழையும்

எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். சுவிட்சர்லாந்து ஏரிக்கரை ஊர்களில் ஆட்டுப் புழுக்கை உருண்டை உருண்டையாக அப்படியே கிடைத்தது. அதைக் கரைத்துச் சலித்து உள்ளே என்ன என்று பார்த்தார்கள்: மரக்குச்சித் துண்டுகள், முள்ளுச்செடியின் முட்கள், குளிர்காலக் கடைசியில் பூக்கிற மரங்களின் மகரந்தம். அதாவது அந்த ஊர் ஆட்டுக்குப் புல்வெளி இல்லை. சுற்றிலும் காடு, பனிக்காலத்தில் தழையும் குச்சியும் ஒடித்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், காட்டோரம் மேய்த்தும் இருக்கிறார்கள்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் கோடையில் தொரட்டியோடு போகிறவரின் பின்னால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். எந்த மரத்தை எட்டிப் பிடிக்கிறார், எதைத் தொடவே மாட்டேன் என்கிறார், எந்தத் தழையை ஆடு முதலில் இழுக்கிறது, எதைக் கடைசியில் வேறு வழியில்லாமல் தின்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பட்டியில் காய்ந்த புழுக்கையை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டு டீ வடிகட்டியில் அலசுங்கள். கருவேலங்காய் தின்ற ஆடு என்றால் விதை முழுதாக வரும். மாதம் ஒரு தடவை செய்தால் எந்தப் பருவத்தில் ஆடு எங்கே மேய்ந்தது என்று ஆட்டுக்காரரைக் கேட்காமலே சொல்லிவிடலாம். ஆய்வகத்தில் நடப்பதும் இதுதான், நுண்ணோக்கி கொஞ்சம் பெரிது.

சாணத்தை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அடுத்த கேள்வி. காட்டை வெட்டி எரித்து ரெண்டு வருடம் விதைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தானியத்தோடு சேர்ந்து கிடைத்த களை விதைகள் வேறு கதை சொன்னன. புதிதாக வெட்டிய காட்டில் வருகிற களை அல்ல, வருடா வருடம் கொத்தி உழைத்த நிலத்தில் வருகிற களை. தானியத்தில் உள்ள நைட்ரஜனை அளந்தவர்கள் ஐரோப்பாவின் ஆரம்ப விவசாயிகள் எரு போட்டிருக்கிறார்கள் என்று 2013இல் காட்டினார்கள். கிடை போட்டு நிலத்தைத் தேற்றுகிற நமக்கு இதில் ஆச்சரியம் குறைவு, ஆனால் எரு போட்ட நிலத்தை யாரும் சும்மா விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்பது முக்கியம். அந்த நிலம் அப்போதே ஒருவருடையது ஆகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

களையை வைத்து நிலத்தைச் சொல்வதை நீங்களும் பழகலாம். கேழ்வரகுக் கொல்லையில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, கழனியில் கோரை. தூற்றின பிறகு முறத்தில் புடைக்கும்போது ஒதுங்குகிற கழிவைத் தூக்கிப் போடாமல் ஒரு காகிதத்தில் கொட்டிப் பார்த்தால், அந்தத் தானியம் மேட்டில் விளைந்ததா பள்ளத்தில் விளைந்ததா என்று களை விதையே சொல்லும். பெரியவர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். லென்ஸ் இல்லாமலே சொல்லிவிடுகிறார்கள்.

பிடி, கொக்கி, கயிறு

லா த்ராகாவில் கதிர் அறுக்கும் கருவியின் மரப்பிடி கிடைத்தது. அதில் சிக்கிமுக்கிக் கல் தகடு பதித்திருக்கிறது, பக்கவாட்டில் ஒரு கிளை கொக்கிபோல நீட்டிக்கொண்டிருக்கிறது, அதால் தாளை ஒன்றுசேர்த்து இழுத்துப் பிடித்து அறுத்திருக்கிறார்கள். நாம் இடது கையால் பிடி சேர்ப்பதற்கு அந்தக் கொக்கி உதவி செய்திருக்கிறது. தரையைக் கிளற நுனி சீவிய கழிகள், வில், கூடை, கயிறு எல்லாம் வந்தன. ஹெமுடுவில் மாட்டின் தோள்பட்டை எலும்பையே மண்வெட்டி அலகாகக் கட்டியிருக்கிறார்கள், நூற்றுக்கு மேல் கிடைத்தது. சுவிட்சர்லாந்தில் கற்கோடரிக்கும் மரப்பிடிக்கும் நடுவில் மான்கொம்பில் ஒரு உறை செய்து செருகியிருக்கிறார்கள், அடிக்கும்போது கல் பிடியைப் பிளக்காமல் இருக்க.

இதைத் தெரிந்துகொண்டு கற்கோடரியைப் பாருங்கள். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகத்திலோ வேறு எங்கோ அதைப் பார்க்கும்போது எல்லோரும் கூர் முனையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பின்பக்கத்தையும் நடுவையும் பாருங்கள்: எங்கே வழவழப்பு நின்று சொரசொரப்பு ஆரம்பிக்கிறது? கல்லைப் பிடிக்குள் செருகியது அந்தப் பக்கமாக இருக்கலாம், கட்டோ உறையோ பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும். கூரில் ஒரு ஓரம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் கோடரிபோலச் சாய்த்து வெட்டியது, அகலம் முழுக்க ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் வாய்ச்சிபோலச் செதுக்கியதாக இருக்கலாம். ஜவ்வாது மலை ஊர்களில் இந்தக் கற்களை மரத்தடியில் வைத்துக் கும்பிடுவார்கள். அங்கே போனால் தூரத்தில் நின்று பாருங்கள், கையில் எடுக்காதீர்கள், 'ஒண்ணு குடுங்க' என்று கேட்கவும் கேட்காதீர்கள். அது அவர்கள் சாமி.

மரம் கிடைத்தால் இன்னொரு லாபம் வருடக் கணக்கு. கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஆர்பன் என்ற இடத்து ஊரில் வீட்டுக்கு நட்ட மரக்கால்களில் வருடத்துக்கு ஒன்றாக விழுந்திருந்த வளையங்களை எண்ணி, கி.மு. 3384இல் மரம் வெட்டிக் கட்ட ஆரம்பித்தார்கள், கி.மு. 3370 வாக்கில் ஊர் எரிந்தது என்று வருடத்தோடு சொல்கிறார்கள். பதினைந்து வருடம்கூட முழுதாக இல்லாத ஊர். கரியை வைத்துக் கணிக்கிற நம்ம இடங்களில் நூறு வருடம் அப்படி இப்படி என்றால் அதுவே பெரிய துல்லியம். மர அறுப்பு மில்லில் தேக்கு அறுக்கும்போது குறுக்கு வெட்டைப் பாருங்கள், வளையம் தெளிவாகத் தெரியும். நல்ல மழை வருடம் அகலம், காய்ந்த வருடம் குறுகல். வேம்பிலும் புளியிலும் இந்த அளவுக்குப் பிடிபடாது.

கரியில் எது தப்பிக்கிறது என்று செய்து பாருங்கள்

பையம்பள்ளியில் கொள்ளு கிடைத்தது, கீரை கிடைக்கவில்லை என்றால் கீரை தின்னவில்லை என்று அர்த்தமா? இதை வீட்டு முற்றத்தில் சோதிக்கலாம். வெளியில் வைத்துச் செய்யுங்கள், புகை வரும்.

ஒரு பழைய மண்சட்டியில் மணல் போட்டு, அதற்குள் கொள்ளு, கேழ்வரகு, எள்ளு, காய்ந்த முருங்கைக்கீரை, ஒரு துண்டு கிழங்கு எல்லாவற்றையும் தனித்தனியாகப் புதைத்து, மேலேயும் மணல் மூடி, தட்டு வைத்து மூடி, விறகு அடுப்பில் மெல்லிய தீயில் வையுங்கள். புகை அடங்கியதும் இறக்கி, முழுக்க ஆறின பிறகு திறவுங்கள், சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். கொள்ளு சும்மா கறுப்புக் கொள்ளாக உட்கார்ந்திருக்கும், விதையின் கண் தழும்புகூடத் தெரியும். கேழ்வரகு சுருங்கும், சிலது பொரிந்துவிடும், உருவம் பிடிபடும். எள்ளு எண்ணெய் கசிந்து வெடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கீரை தொட்டால் தூள். கிழங்கு ஓட்டை விழுந்த கரித்துண்டு, அது எந்தக் கிழங்கு என்று நீங்களே சத்தியம் செய்ய முடியாது.

இப்போது புரியும், கருகிய மிச்சம் என்பது சாப்பாட்டுப் பட்டியலே இல்லை. தீயின் பக்கத்தில் போனது, அதிலும் தீயைத் தாங்கியது மட்டும்தான் அதில் இருக்கும். ஏரிச்சேற்று ஊர்களில் ஆளிவிதை, கசகசாச் செடி விதை, பாதியாக வெட்டிக் காயவைத்த காட்டு ஆப்பிள், திராட்சை விதை, மீன் எலும்பு, ஆளி நூலில் நெய்த துணி, ஏன், மீனைச் சரியாக வேகவைக்காமல் தின்றதால் வந்த நாடாப்புழுவின் முட்டைகூடக் கிடைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் டுவான் என்ற இடத்தில் ஒரு முழு ரொட்டியே கிடைத்தது, ஐயாயிரம் வருடத்துக்கு முந்தியது.

அடுத்தது மிதக்கவிட்டு எடுப்பது. தொல்லியல் மேட்டு மண்ணில் கை வைக்கவே கூடாது, சட்டப்படியும் தப்பு, ஆய்வுக்கும் கேடு. உங்கள் வீட்டுப் பழைய விறகடுப்புச் சாம்பல் கொட்டின இடத்து மண் போதும், அல்லது தோட்டத்து மண்ணில் மேலே கருக்கிய தானியத்தை நீங்களே எண்ணிக் கலந்துவிடுங்கள். மண் காய்ந்திருக்க வேண்டும். வாளியில் பாதிக்குக் குறைவாக மண் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், களிமண் என்றால் ஒரு ஸ்பூன் சமையல் சோடா சேர்த்துக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். கையால் மெதுவாகக் கலக்கி, சுழல் அடங்குவதற்குள் மேல் தண்ணீரை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடியுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி கலக்கு, மிதப்பது நிற்கும் வரை. துணியை முடிச்சுப் போட்டு நிழலில் காயவையுங்கள், வெயிலில் போட்டால் கரி வெடிக்கும். அடியில் தங்கினதை மாவுச் சல்லடையில் அலசினால் எலும்பு, ஓட்டுத்துண்டு, மணி ஏதாவது இருந்தால் தெரியும். கலந்தது எத்தனை, திரும்பக் கிடைத்தது எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் அகழாய்வில் எவ்வளவு தொலையும் என்பது தெரிந்துபோகும்.

துணியில் கருகாத விதைகளும் வரும். காய்ந்த மேட்டு மண்ணில் கருகாமல் முழுசாக இருக்கிற விதை பெரும்பாலும் போன வருடத்து விதை, எறும்பு இழுத்துப் போட்டது. அதைப் பழசு என்று எண்ணாதீர்கள். நீரில் மூழ்கிய இடத்தில் இதே விதி தலைகீழ், அங்கே கருகாத விதைதான் பொக்கிஷம். அங்கே சலித்ததைக் காயவைக்கவும் மாட்டார்கள், தண்ணீரிலேயே வைத்துத்தான் பார்ப்பார்கள்.

பையம்பள்ளிக்குத் திரும்பும்போது

ஒரு தாளில் இடதுபக்கம் கிடைத்ததை எழுதுங்கள்: கோடரி, அரைகல், கொள்ளு, பயறு, கால் நட்ட குழி. வலதுபக்கம் அதற்குக் கட்டாயம் இருந்திருக்க வேண்டியது: பிடி, கட்டின நார், புடைக்க ஏதோ ஒரு முறம், சேர்த்து வைக்க ஒரு குதிர், கூரைக்குப் புல், கூரையைக் கட்டக் கயிறு, அதைத் திரித்த கை. வலதுபக்கத்தில் எழுதுவதெல்லாம் கேள்விதான், ஆதாரம் அல்ல. லா த்ராகாவில் கொக்கி வைத்த அறுவாள் இருந்தது என்பதால் இங்கேயும் இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். கொள்ளை அறுக்கவே வேண்டாம், பிடுங்கினால் போதும். ஆளி நூல் நம்ம பக்கத்துக்கு ஒத்துவராது, பனிக்காலத்துக்குத் தழை சேர்க்கிற அவசியமும் இங்கே கோடைக்குத்தான். பொருளைக் கொண்டுவராதீர்கள், கேள்வியை மட்டும் கொண்டுவாருங்கள்: இந்த ஆட்கள் ஆட்டுக்கு எதைப் போட்டார்கள், மழை பொய்த்த வருடம் எந்தக் காட்டுக் கிழங்கைத் தோண்டினார்கள், எரு போட்டார்களா, எத்தனை வருடம் ஒரே இடத்தில் இருந்தார்கள். அடுத்து யாராவது அங்கே தோண்டினால் மண்ணை வீணாக்காமல் மிதக்கவிடச் சொல்வதற்கு இந்தப் பட்டியல் உதவும்.

ஈரமான பழைய மரம் கையில் சிக்கினால்

ஏரியில் இல்லாவிட்டாலும், பழைய கிணற்றை ஆழப்படுத்தும்போதோ பாலாற்றுப் படுகையில் ஆழத்தில் களிமண் அடுக்கு வெட்டுப்படும்போதோ கறுத்த கட்டை, கயிறு, கூடைமாதிரி ஏதாவது வரலாம். முதல் வேலை, ஜேசிபியை நிறுத்தச் சொல்வது. இரண்டாவது, அதைக் கழுவி வெயிலில் வைக்காமல் இருப்பது. தண்ணீரில் ஊறிய பழைய மரத்துக்குள் மரச்சத்து கரைந்து போய் அந்த இடத்தைத் தண்ணீர்தான் தாங்கிக்கொண்டிருக்கும். காய்ந்தால் சுருங்கி முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்த நிபுணர் வந்தாலும் நிமிர்த்த முடியாது. ஆய்வகத்தில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், மெழுகு மாதிரியான பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை மாற்றுவார்கள்.

எடுக்காமல் இருக்க முடிந்தால் எடுக்காதீர்கள், அதே சேற்றைப் போட்டு மூடி ஈரச்சாக்கைப் போர்த்துங்கள். ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதென்றால் அதே இடத்துச் சேற்றோடு ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் காற்று புகாமல் கட்டி நிழலில் வையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ பேனாவையோ வைத்துப் போட்டோ எடுங்கள், வெட்டுச் சுவரையும் சேர்த்து, எந்த நிற மண்ணிலிருந்து வந்தது என்று தெரிகிற மாதிரி. ஊர்ப் பெயர், சர்வே எண், தரையிலிருந்து எத்தனை அடி ஆழம், எந்தத் தேதி என்று பென்சிலில் ஒரு அட்டையில் எழுதி உள்ளே போடுங்கள், பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். அதன் பிறகு விஏஓவுக்கோ தாசில்தாருக்கோ எழுத்தில் கொடுத்து ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், மாநிலத் தொல்லியல் துறைக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். வாட்ஸப்பில் இடத்தோடு போட்டுவிடாதீர்கள், மறுநாள் காலைக்குள் புதையல் தேடி நாலு பேர் கடப்பாரையோடு வந்துவிடுவார்கள்.